சூப்பர் ஹீரோ உருவான கதைக்கு ஒரு மணி நேரம் தேவையா?

மார்ச் 2

ஒரு வாசகர் கேட்டது: "சூப்பர் ஹீரோ படங்களில் முதல் ஒரு மணி நேரம் வீண். சிலந்தி கடிக்கும், மின்னல் தாக்கும், யாராவது ஒரு பெரியவர் சாவார். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சக்தி வந்த பிறகுதான் படமே தொடங்குகிறது. அந்த ஒரு மணி நேரத்தை வெட்டி எறிந்தால் என்ன குறைந்துவிடும்? பார்வையாளர்கள் ஏன் இன்னும் அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?"

மார்ச் 2, இரவு 11 மணி

வீண் என்ற சொல்லைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2002-இல் சாம் ரெய்மி இயக்கிய 'ஸ்பைடர் மேன்' படத்தை அண்ணனோடு திரையரங்கில் பார்த்தேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்தப் படத்தில் பச்சை முகமூடி வில்லனோடு நடந்த சண்டைகளெல்லாம் எனக்குக் கலங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. ஒரே ஒரு காட்சி மட்டும் நேற்றுப் பார்த்தது போல இருக்கிறது.

சிலந்தி கடித்துச் சக்தி பெற்ற பீட்டர் பார்க்கர் பணத்துக்காக மல்யுத்தத்தில் இறங்குகிறான். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 3,000 டாலர். இவன் இரண்டே நிமிடத்தில் எதிராளியைச் சாய்த்துவிடுகிறான். போட்டி நடத்துகிறவர் அதையே சாக்காக வைத்து 100 டாலரை நீட்டுகிறார். எனக்கு அந்தப் பணம் தேவை என்கிறான் பீட்டர். அது எப்படி என் பிரச்சினையாகும் என்கிறார் அவர். பீட்டர் வெளியே வருவதற்குள் ஒரு திருடன் அதே ஆளின் பணத்தை அள்ளிக்கொண்டு ஓடி வருகிறான். பீட்டர் ஒதுங்கி நின்று லிஃப்ட் வரை வழி விடுகிறான். "அவனைப் பிடித்திருக்கலாமே" என்று போட்டிக்காரர் கத்தும்போது, அவர் சொன்ன அதே வாக்கியத்தை அவர் முகத்துக்கே திருப்பிக் கொடுக்கிறான்.

அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன், அண்ணனும் தட்டினான். கொஞ்ச நேரத்தில் பீட்டரை வளர்த்த பெரியப்பா பென் தெருவில் குண்டடிபட்டுக் கிடக்கிறார். பீட்டர் கொலைகாரனைத் துரத்திப் பிடித்து அவன் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறான். அவன் வழி விட்ட அதே திருடன். அந்த முகத்தை நாங்களும் பார்த்தோம். எனக்கு முன் வரிசையில் ஒருவர் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொன்னார். வேறு சத்தமே இல்லை.

அவனை விட்டுவிடு என்று கை தட்டியது நாங்கள். இந்த ஒரு மணி நேரத்தை வெட்டினால் அந்தக் கைத்தட்டலும் போய்விடும். அது போன பிறகு மிஞ்சுவது உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஊஞ்சலாடும் ஒருவன் மட்டும்தான்.

மார்ச் 3, காலை

நேற்று எழுத விட்டுப்போனது. அதற்கு முந்தைய காட்சியில் பென் காரை நிறுத்தி, பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும் என்கிறார். நான் உன் அப்பா இல்லை, எனக்குத் தெரியும் என்றும் சொல்கிறார். அப்படியானால் அப்பா போல நடந்துகொள்ளாதீர்கள் என்று பீட்டர் வெடுக்கென்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். பென்னின் முகம் மட்டும் திரையில் நிற்கிறது. அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று காலை நான் என் அப்பாவிடம் கத்திவிட்டுத்தான் படத்துக்குக் கிளம்பியிருந்தேன். எதற்காகக் கத்தினேன் என்பது இப்போது மறந்துபோயிற்று. வீட்டுக்குத் திரும்பியதும் அவர் தூங்கிவிட்டாரா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன்.

மார்ச் 3, மாலை

ஒரு திருத்தம். பொறுப்பு பற்றிய அந்த வாக்கியம் மூலக் காமிக்ஸிலேயே பென் சொன்னதுதானே என்று ஒருவர் கேட்டார். இல்லை. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் பதினொரு பக்கத்தில் அந்தக் கதையைச் சொன்னார்கள். அதில் அந்த வரி கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாகத்தான் வருகிறது. படத்தில் அதைப் பென்னின் வாய்க்கு மாற்றியிருக்கிறார்கள். எனக்கு இது சரியான மாற்றமாகவே படுகிறது. கதைசொல்லி சொன்னால் அறிவுரை. காரில் உட்கார்ந்து, கேட்க மறுக்கும் பிள்ளையிடம் ஒரு மனிதர் சொல்லும்போது அது அவர் பேசிய கடைசிப் பேச்சாகிவிடுகிறது.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் வலுவான ஒரு பதிலோடு வந்திருக்கிறார். 1938-இல் சூப்பர்மேன் முதன்முதலாக அச்சில் வந்தபோது, அவன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த கதை முழுவதையும் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார்கள் என்கிறார். உண்மைதான். பேட்மேன் கதை அவருக்கு இன்னும் சாதகமானது. 1939 மே மாத இதழில் பேட்மேன் வந்துவிட்டான். அவன் பெற்றோர் கொல்லப்பட்ட கதை ஆறு இதழ்கள் கழித்து, நவம்பரில்தான் வந்தது. அதுவும் இரண்டே பக்கம். அதுவரை படித்தவர்கள் இவன் ஏன் இப்படி ஆனான் என்று தெரியாமலேயே காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறார்கள்.

ஆகவே முதலில் உருவான கதை, பிறகு சாகசம் என்ற வரிசை கட்டாயமில்லை. இதில் நான் இறங்கி வருகிறேன். 1989-இல் டிம் பர்ட்டன் எடுத்த 'பேட்மேன்' தொடக்கத்திலேயே முகமூடியோடு அவனைக் காட்டிவிட்டு, பெற்றோரின் மரணத்தைப் படத்தின் பின்பகுதியில் நினைவாகக் கொண்டுவரும். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு பக்கம் போதும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பக்கத்தில் செய்தியைச் சொல்லலாம். பென்னின் முகத்தைக் காட்ட முடியாது.

மார்ச் 6

சின்னக் குறிப்பு. 2007-இல் வந்த மூன்றாவது படத்தில் பென்னைச் சுட்டவன் வேறொருவன் என்று மாற்றினார்களே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். பீட்டர் விட்டுவிட்ட திருடன் வெறும் கூட்டாளி, சுட்டவன் பின்னால் மணல் மனிதனாக மாறும் மார்க்கோ என்றார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. கூட்டாளியைப் பிடித்திருந்தாலும் கொலை நடந்திருக்காதுதான், கணக்கு சரியாகவே வருகிறது. ஆனாலும் 2002-இல் வெளிச்சத்தில் பார்த்த அந்த முகத்தை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போலத்தான் இருந்தது.

மார்ச் 9

அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். ஒன்பது வயது. இந்த வாதத்தை அவனிடம் சோதித்துப் பார்க்கலாம் என்று 2002 படத்தைப் போட்டேன். லிஃப்ட் காட்சியில் "நல்லா வேணும்!" என்று தொடையில் தட்டினான். பென் இறந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அத்தை, நானும் அவனை விட்டிருப்பேன்" என்றான்.

நான் பதில் எதுவும் சொல்லவில்லை. அன்று அரங்கை விட்டு வெளியே வந்ததும் அவன் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் என்னிடம் சொன்னான். அதை அவனிடம் சொல்லவில்லை, அண்ணனுக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னேன்.

மார்ச் 10

மறுநாளே 2012-இல் வந்த மறு தயாரிப்பைப் போட்டேன். அதிலும் பென் சாகிறார், அதிலும் ஒரு திருடன். கடையில் பால் வாங்க இரண்டு சென்ட் குறைகிறது, கல்லாவில் இருப்பவன் தர மறுக்கிறான். கடையில் திருடியவனைப் பீட்டர் கண்டுகொள்ளாமல் விடுகிறான். காட்சி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. பையன் மட்டும் அசையவில்லை. "இவன்தான் சுடப்போறான்" என்றான், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர் சொல்வதன் நியாயம் எனக்கு இங்கேதான் புரிந்தது. பத்தே ஆண்டுகளில் அதே தவற்றை மறுபடி காட்டினால் அதில் நாம் கூட்டுச் சேர முடியாது. முடிவு தெரிந்துவிட்டதால் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறோம். அலுப்பு நீளத்தால் வரவில்லை. இரண்டரை மணி நேரம் வேண்டுமானாலும் எடுக்கட்டும், பார்க்கிறவனும் தவறக்கூடிய ஓர் இடம் அதில் இருக்க வேண்டும்.

எனவே மார்ச் 2-இல் எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். சிலந்தி கடிப்பதையும் மின்னல் தாக்குவதையும் வெட்டினால் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தவற்றை மட்டும் வெட்டாதீர்கள்.

மார்ச் 12

மின்னல் என்று எழுதியதும் பேசில் ஜோசப்பின் 'மின்னல் முரளி'யை எப்படி விட்டீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விடவில்லை, அதற்குத் தனியாக எழுத வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நெட்ஃபிளிக்ஸில் வெளியான மலையாளப் படம். ஒரே இரவில் ஒரே ஊரில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. தையல்காரன் ஜெய்சன் ஒருவன். இன்னொருவன் டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு, ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கி வைத்தவன். இருவருக்கும் ஒரே சக்தி. ஜெய்சன் முதலில் அதைத் தன்னை அவமானப்படுத்திய போலீஸ்காரர்களை அடிக்கப் பயன்படுத்துகிறான். ஷிபு, தான் சிறுவயதிலிருந்து நேசித்த உஷாவின் மகளுக்குச் சிகிச்சை செய்யப் பணம் வேண்டும் என்று வங்கியைக் கொள்ளையடிக்கிறான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதற்கு உங்கள் மனம் இளகுகிறது?

என் அம்மா சூப்பர் ஹீரோ படம் எதையும் பாதிக்கு மேல் பார்த்ததில்லை, தூங்கிவிடுவார். இதை நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். உஷா கடைசியில் ஷிபுவை ஏற்றுக்கொள்ளும் இடத்தில், ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சிரிப்பும் அழுகையும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. எது முதலில் வெளியே வருவது என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளையை ஒருத்தராவது ஒரு நாள் உட்கார வைத்துச் சோறு போட்டிருந்தால் இந்தக் கதி வருமா?" என்றார். அதுவரை ஷிபு செய்த அத்தனையையும் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வில்லன் உருவான கதை இவ்வளவு வலுவாக இருந்தால் நாயகன் மங்கிவிட மாட்டானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் மங்குகிறான், மறுக்கவில்லை. கடைசிச் சண்டையில் ஜெய்சன் ஜெயித்தபோது எங்கள் வீட்டில் யாரும் கை தட்டவில்லை. அதைப் படத்தின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 14

மதிப்பெண் பற்றிய பேச்சு இங்கே சூடாகப் போகிறது. பார்வையாளர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதை எப்படி அறிவது என்கிறீர்கள். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் இரவு அரங்கிலேயே அட்டை கொடுத்து, பள்ளிக்கூடம் போல ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பெண் வாங்குகிறது. 'பிளாக் பாந்தர்' 2018-இல் ஏ பிளஸ் பெற்றது. 2019-இல் 'ஜோக்கர்' பி பிளஸ் மட்டுமே பெற்றது. அதே 'ஜோக்கர்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்று, உலகம் முழுவதும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முதல் நாள் இரவு நெஞ்சு கனத்து வெளியே வருகிறவரிடம் அட்டையை நீட்டினால் அவர் என்னதான் எழுதுவார்? எனக்குப் பிடித்த பல படங்களுக்கு அந்த நிமிடத்தில் நான் குறைந்த மதிப்பெண்தான் கொடுத்திருப்பேன்.

இணைய மதிப்பெண் இன்னும் மோசம். 'கேப்டன் மார்வெல்' வெளியாவதற்கு முன்பே, ஒரு காட்சிகூடப் பார்க்காதவர்கள் கூட்டமாகச் சேர்ந்து அதைக் கீழே இழுத்தார்கள். 2019 பிப்ரவரியில் ராட்டன் டொமேட்டோஸ் தளம், வெளியீட்டுக்கு முன் கருத்தெழுதும் வசதியையே எடுத்துவிட்டது. படம் வந்தது, அரங்குக்குப் போனவர்கள் அட்டையில் ஏ என்று எழுதினார்கள், வசூலும் நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஒரு பெண் நாயகியாக உருவான கதை என்றதும் ஏன் இத்தனை பேருக்கு முன்கூட்டியே ஆத்திரம் வந்தது? இதைக் கேட்காமல் மதிப்பெண் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

மார்ச் 14, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். பாட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 2017 'வொண்டர் வுமன்' படத்தில், முதல் உலகப் போரின் பதுங்கு குழியில் டயானா நிற்கிறாள். அந்த வெளியைக் கடக்க யாராலும் முடியாது என்கிறார்கள். அவள் போர்வையை உதறிவிட்டு ஏணியில் கால் வைக்கிறாள். காலணி, கைக்காப்பு, கேடயம் என்று துண்டு துண்டாகத் தெரிகிறது. அவள் மேலே வந்து நிற்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் அழுதுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை.

அந்தப் படத்திலும் பார்வையாளர் தவறும் இடம் உண்டு. போர்க் கடவுளைக் கொன்றுவிட்டால் போர் நின்றுவிடும் என்று டயானா நம்புகிறாள், நாமும் நம்புகிறோம். அவன்தான் அந்தக் கடவுள் என்று நினைத்து அவள் ஜெர்மானியத் தளபதியைக் குத்திக் கொன்று கூரையில் நிற்கிறாள். கீழே வீரர்கள் பாட்டுக்கு ஆயுதங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எதுவும் நிற்கவில்லை. அவளோடு சேர்ந்து நானும் விழித்தேன்.

மார்ச் 17

என் வாதத்தை நானே உடைக்க வேண்டியிருக்கிறது. 1978-இல் ரிச்சர்ட் டோனர் இயக்கிய 'சூப்பர்மேன்' படத்தைப் பையனோடு பார்த்தேன். அதில் நாயகன் எந்தத் தவறும் செய்வதில்லை. வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் விழுகிறார். கல்லறை அருகே, இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று, கிளார்க் என்ற பெயரில் வளரும் அந்த நாயகன் சொல்கிறான். அங்கே யார் மேலும் குற்றமில்லை, நாம் கை தட்டுவதற்கும் எதுவுமில்லை. ஆனாலும் தொண்டை அடைத்தது.

பொறுமைக்கும் அந்தப் படத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். கிறிஸ்டோபர் ரீவ் திரையில் தோன்றவே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகிறது. ஹெலிகாப்டரிலிருந்து விழும் பத்திரிகையாளர் லோயிஸை அவர் ஊர் பார்க்கத் தாங்கிப் பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் தாண்டிவிடுகிறது. கைபேசிக்குப் பழகிய பையன் எழுந்து ஓடிவிடுவான் என்று நினைத்தேன். கோதுமை வயலில் இளம் கிளார்க் அம்மாவிடம் விடைபெறும் காட்சியில் என் மடியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்தான்.

அவனுக்கு மிகவும் பிடித்தது பறக்கும் காட்சி இல்லை. லோயிஸின் வீட்டில் அவள் அடுத்த அறைக்குப் போயிருக்கும்போது கிளார்க் கண்ணாடியைக் கழற்றி, கூன் விழுந்த முதுகை நிமிர்த்துவான். தோள் அகலும், குரல் தாழும், வேறு ஒரு ஆள் நிற்பான். உண்மையைச் சொல்லிவிடப் பார்த்து, துணிவு போய் மறுபடி சுருங்குவான். வெட்டு இல்லை, தந்திரக் காட்சி இல்லை, ஒரு நடிகரின் முதுகெலும்பு மட்டும். பையன் மூன்று முறை திரும்பப் போடச் சொன்னான். இப்போது சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் கூன் போட்டு வருகிறான், தட்டைப் பார்த்ததும் நிமிர்கிறான்.

ஆகவே தவறு இருந்தே ஆக வேண்டும் என்று மார்ச் 10-இல் எழுதியது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. சக்தி வருவதற்கு முன்பே அந்த ஆளை நமக்குப் பிடித்துவிட வேண்டும். அதற்குத் தவறு ஒரு வழி, துக்கம் இன்னொரு வழி. இன்னும் வழிகள் இருக்கலாம்.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை: "2017 ஸ்பைடர் மேன் படத்தில் சிலந்தியும் இல்லை, பென்னும் இல்லை. யார் அழுதார்கள்?"

யாரும் அழவில்லை, படமும் நன்றாக ஓடியது. ஆனால் அதன் மூன்றாவது பாகத்தை, 2021-இல் வந்ததை, நினைத்துப் பாருங்கள். பெரியம்மா மே அந்தப் பொறுப்பு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இறக்கிறார். வில்லன்களைச் சாக விடாமல் குணப்படுத்தலாம் என்று பீட்டர் எடுத்த முடிவால் வந்த சாவு அது. அதைச் செய் என்று அரங்கில் நாமும் மனதுக்குள் சொன்னோம். கடைசியில் யாருக்கும் அவனைத் தெரியாத ஊரில், வாடகை அறையில் உட்கார்ந்து தன் உடையைத் தானே தைக்கிறான். உருவான கதையை முதல் படத்தில் வெட்டினார்கள், சரி. ஐந்து ஆண்டு கழித்து மூன்றாவது படத்தில் அதைத்தானே எடுத்தார்கள்?

மார்ச் 19, சற்று நேரம் கழித்து

நான்கு ஆண்டு. 2017 முதல் 2021. திருத்தியவருக்கு நன்றி.

மார்ச் 23

பையன் நாளை ஊருக்குக் கிளம்புகிறான். கடைசியாக அவனையே படம் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். 2018-இல் வந்த 'ஸ்பைடர் மேன்: இன்டு தி ஸ்பைடர் வெர்ஸ்', ஆஸ்கர் வாங்கிய அனிமேஷன் படம். அதில் ஒவ்வொரு சிலந்தி மனிதனும் தன் கதையை ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறான். வாசகரே, உங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அத்தனையும் மைல்ஸ் என்ற ஒரு பையனின் நீண்ட உருவான கதைக்குள்தான் நடக்கிறது.

மைல்ஸ் உயரமான கட்டடத்தின் கண்ணாடிச் சுவரிலிருந்து குதிக்கும் காட்சியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். படம் தலைகீழாகத் திரும்பும், விழுகிறவன் நகரத்தை நோக்கி எழுவது போல இருக்கும். அதைப் பற்றிச் சொல்லப் போனேன். பையன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அத்தை, கொஞ்சம் முன்னாடி போங்க."

போனேன். மைல்ஸ் குதிக்கும் நொடி. விரல்கள் இன்னும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கண்ணாடி நொறுங்கி விரலோடு சேர்ந்து வருகிறது. பயந்தால் அவன் கை ஒட்டிக்கொள்ளும் என்று படத்தில் முன்பே காட்டியிருக்கிறார்கள்.

"அவன் பயந்துகிட்டேதான் குதிக்கிறான்" என்றான். பிறகு இன்னொரு முறை போடச் சொன்னான்.